மேலே பூங்கா, கீழே பட்டறை

நுழையும் முன்

பழைய புடவை ஒன்று வீட்டில் எளிதில் குப்பைக்குப் போவதில்லை. அது குழந்தைக்குத் தூளியாகிறது. தூளி நைந்தால் அடுப்படியில் கரித்துணியாகிறது. பயன் தீர்ந்ததாகத் தோன்றும் பொருளுக்கு மற்றொரு பயனைக் கண்டறிவது இல்லத்தாரின் அறிவு. நகரங்களுக்கும் இத்தகைய அறிவு வேண்டும். வண்டிகள் ஓடாமல் கைவிடப்பட்ட ஒரு தொடர்வண்டிப் பாதையைப் பிரான்ஸ் நாட்டின் தலைநகரான பாரிஸ் எவ்வாறு பூங்காவாகவும் கைவினைப் பட்டறைகளாகவும் மாற்றியது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மக்களையும் மலர்களையும் சுமந்த பாதை

பாரிஸ் மாநகரின் கிழக்குப் பகுதியில் பாஸ்டில் என்னும் சதுக்கம் உள்ளது. 1789ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் மக்கள் திரண்டு தகர்த்த பாஸ்டில் சிறைக்கோட்டை நின்ற இடம் அதுவே. பிரெஞ்சுப் புரட்சிக்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1859ஆம் ஆண்டில், அச்சதுக்கத்தை ஒட்டி ஒரு தொடர்வண்டி நிலையம் திறக்கப்பட்டது. அங்கிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை வேன்சென் காட்டை ஒட்டிச் சென்று, நகரின் கிழக்கே இருந்த புறநகர்களையும் சிற்றூர்களையும் தலைநகரோடு இணைத்தது.

வேலை நாள்களில் தொழிலாளரும் எழுத்தரும் இவ்வண்டியில் பயணம் செய்தனர். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரின் புகையிலிருந்தும் நெரிசலிலிருந்தும் விலகி, மார்ன் ஆற்றங்கரையில் பொழுதைக் கழிக்க விரும்பிய குடும்பங்கள் பெட்டிகளை நிறைத்தன. பாதை பின்னர் பிரி வட்டாரம் வரை நீட்டிக்கப்பட்டது. அவ்வட்டாரத்து உழவர்கள் ரோஜாப் பயிரிடுவதில் பெயர் பெற்றவர்கள். அவர்கள் பறித்த மலர்கள் பாரிஸ் சந்தைக்கு இப்பாதை வழியாகவே வந்து சேர்ந்தன. ஆகவே மக்கள் அதனை ‘ரோஜா வண்டி’ என்றும் அழைத்தனர்.

கமான்கள் தாங்கிய கனம்

பாஸ்டில் சதுக்கத்தைச் சுற்றியிருந்த பகுதி வீடுகளும் தெருக்களும் நெருங்கியது. தரைமட்டத்தில் இருப்புப்பாதை அமைத்தால், அது குறுக்கிடும் ஒவ்வொரு தெருவிலும் கடவுப்பாதை வைக்க வேண்டும். வண்டி வரும்போதெல்லாம் தெருப் போக்குவரத்து நின்று காத்திருக்க வேண்டும். இச்சிக்கலைத் தவிர்ப்பதற்காகப் பொறியாளர்கள் பாதையை மேலே உயர்த்தினர். இன்று தோமெனில் சாலை எனப்படும் நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில், கல்லாலும் செங்கல்லாலும் ஆன கமான் பாலம் எழுந்தது. வண்டிகள் தெருவுக்கு ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்தில் ஓடின.

கமான் என்னும் வளைவு எவ்வாறு இத்தனை கனத்தைத் தாங்குகிறது? வளைவில் அடுக்கப்படும் கற்கள் ஆப்பு வடிவில் செதுக்கப்படுகின்றன. மேலிருந்து அழுத்தும் எடை அக்கற்களை ஒன்றோடொன்று மேலும் இறுக்குகிறது. அந்த அழுத்தம் வளைவின் வழியே இருபுறமும் இறங்கித் தூண்களைச் சென்றடைகிறது. தூண்கள் அதனை நிலத்திற்குள் செலுத்துகின்றன. இதனால் வளைவின் அடியில் உள்ள இடம் முழுவதும் வெறுமையாக இருந்தாலும் பாலம் உறுதியாக நிற்கிறது. அந்த வெற்றிடமே பிற்காலத்தில் இப்பாலத்திற்கு மறுவாழ்வு அளித்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். திண்மையான மண் கரையின் மேல் பாதை போடப்பட்டிருந்தால் அதனடியில் கடை வைக்க இடம் ஏது?

ஓசை ஓய்ந்தது

நூற்றுப்பத்து ஆண்டுகள் இப்பாதை உழைத்தது. பாரிஸ் வளர வளர, புறநகர் மக்களை நகரின் நடுப்பகுதிக்கே நேரடியாகக் கொண்டு சேர்க்கும் விரைவுத் தொடர்வண்டி தேவைப்பட்டது. அதற்காக நிலத்தடிப் பாதை தோண்டப்பட்டது. 1969ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், வேன்செனுக்குக் கிழக்கே இருந்த பழைய பாதை இப்புதிய வழித்தடத்துடன் இணைக்கப்பட்டது. பாஸ்டில் நிலையத்திற்கு வரும் பகுதியோ தேவையற்றதாயிற்று. வண்டிகளின் ஓசை ஓய்ந்தது.

நிலையக் கட்டடம் சில காலம் கண்காட்சிகளுக்குப் பயன்பட்டது. 1984ஆம் ஆண்டில் அது இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் பாஸ்டில் இசைநாடக அரங்கு எழுந்தது. புரட்சியின் இருநூறாவது ஆண்டாகிய 1989இல் அரங்கின் தொடக்க விழா நடைபெற்றது.

நிலையம் மறைந்தது, பாலம் எஞ்சியது. தண்டவாளங்களுக்கு இடையில் புல்லும் முட்செடியும் முளைத்தன. யாரும் விதைக்காத மரக்கன்றுகள் கல்லிடுக்குகளில் வேர்விட்டன. பயனற்ற பாலத்தை இடித்துத் தள்ளிப் புதிய கட்டடங்கள் எழுப்புவது எளிய வழியாகத் தோன்றக்கூடிய நிலை அது. பாரிஸ் நகராட்சி வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. பாலத்தின் மேற்பரப்பு மக்கள் உலாவும் தோட்டமாக வேண்டும். அதன் கமான்கள் கைவினைஞரின் பட்டறைகளாக வேண்டும் என முடிவாயிற்று.

கீழே பட்டறைகள்

கைவினைஞரை இங்கே கொண்டுவர எண்ணியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பாலத்திற்கு அருகிலுள்ள பகுதி ‘செந்த் ஆந்த்வான் புறஞ்சேரி’ எனப்படும். பழங்காலப் பாரிசில் ஒரு தொழிலைச் செய்ய வேண்டுமாயின் அத்தொழிற்குழுவின் உறுப்பினராதல் வேண்டும். அக்குழு விதித்த கட்டுப்பாடுகளும் கடுமையானவை. ஆனால், இப்புறஞ்சேரியில் இருந்த கன்னிமாடத்தின் ஆளுகையில் குடியேறிய தச்சர்களுக்கு அக்கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கு இருந்தது. பதினான்காம் லூயி மன்னரின் காலத்தில், 1657இல், அவ்விலக்கு உறுதிப்படுத்தப்பட்டது. ஆகவே வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த மரவேலைக் கலைஞர்கள் பலர் இங்கே தங்கினர். புதிய வடிவங்களையும் புதிய மரங்களையும் தயக்கமின்றிக் கையாண்டனர். பிரெஞ்சு அரண்மனைகளை அணிசெய்த மேசைகளும் அலமாரிகளும் பல இப்புறஞ்சேரியில் உருவானவை. பாஸ்டில் கோட்டையைத் தாக்கியவர்களில் பலர் இப்பகுதித் தொழிலாளரே என்பதும் வரலாறு.

நுண்ணிய மரவேலை செய்யும் தச்சரைப் பிரெஞ்சு மொழியில் ‘எபெனிஸ்த்’ என்பர். ‘எபென்’ என்பது கருங்காலி மரத்தின் பெயர். அரிய கருங்காலியை இழைத்துப் பொருள் செய்யத் தெரிந்தவர் என்பதே அச்சொல்லின் அடிப்படைப் பொருள். கருங்காலி இனங்களுள் மிகச் சிறந்த ஒன்று தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளர்வது. உலக்கைக்கும் கைத்தடிக்கும் உகந்ததெனத் தமிழர் அறிந்த அதே கறுத்த மரத்தின் பெயர், மற்றொரு மொழியில் ஒரு தொழிலுக்கே பெயராக அமைந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

பாலத்திற்கு அண்மையில் 1886ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘பூல்’ கலைப்பள்ளி இன்றும் இயங்குகிறது. ஆமையோட்டையும் பித்தளைத் தகட்டையும் மரத்தில் பதித்து அணிவேலை செய்த அந்த்ரே ஷார்ல் பூல் என்னும் தச்சரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. மரவேலையும் உலோக வேலையும் அங்கே இளைஞர்க்குக் கற்பிக்கப்படுகின்றன. கற்ற தொழிலைச் செய்வதற்கோ நகருக்குள் இடம் அரிதாகிக்கொண்டு வந்தது. பட்டறைக்கு விரிந்த இடமும் நல்ல வெளிச்சமும் வேண்டும்; சுத்தியலின் ஓசையையும் மரத்தூளையும் பொறுத்துக்கொள்ளும் அக்கம்பக்கமும் வேண்டும்.

கமான்களைப் புதுப்பிக்கும் பணியைப் பத்ரிக் பெர்ழே என்னும் கட்டடக் கலைஞர் ஏற்றார். செங்கல்லும் கல்லும் துலக்கப்பட்டன. ஒவ்வொரு கமானின் வாயிலிலும் உயரமான கண்ணாடி முகப்பு பொருத்தப்பட்டது. வளைவின் அழகு மறையவில்லை. பகலொளியும் உள்ளே பாய்ந்தது. 1990களில் படிப்படியாக நிறைவெய்திய இப்பணியால் 64 கமான்கள் புதுவாழ்வு பெற்றன. அவ்வரிசைக்குக் ‘கலைகளின் மேம்பாலம்’ எனப் பெயரிடப்பட்டது.

இக்கமான்களில் இடம்பெற்ற தொழில்கள் பல. வயலின் போன்ற நரம்பிசைக் கருவிகளைச் செய்வோர், பழைய ஓவியங்களின் அழுக்கை நீக்கிச் செப்பனிடுவோர், பீங்கானில் கையால் வண்ணம் தீட்டுவோர், பழங்காலக் குடைகளைச் சீராக்குவோர், பின்னல் வேலைப்பாடுள்ள துணிகளைப் பேணுவோர் எனப் பலரும் இங்கே தொழில் செய்துள்ளனர். பட்டறை உள்ளே, பார்வையாளர் வெளியே, இடையில் கண்ணாடி. தெருவில் நடந்து செல்பவர் நின்று, ஒரு வயலினின் வளைந்த பக்கம் எவ்வாறு உருப்பெறுகிறது என்பதைப் பார்க்கலாம். கடையில் விலைச்சீட்டை மட்டும் காண்பவருக்கு ஒரு பொருளின் விலை புரியாது. அதற்குள் எத்தனை நாள் உழைப்பு அடங்கியுள்ளது என்பதைக் கண்ணால் கண்டவருக்கே அது புரியும். கண்ணாடி முகப்பு செய்த பெருந்தொண்டு இதுவே.

மேலே தோட்டம்

பாலத்தின் மேலே தோட்டம் அமைக்கும் பணி 1988ஆம் ஆண்டில் தொடங்கியது. ழாக் வெர்ழெலி என்னும் நிலவெளிக் கலைஞரும் பிலிப் மத்தியூ என்னும் கட்டடக் கலைஞரும் அதனை வடிவமைத்தனர். 1993ஆம் ஆண்டில் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. உயர்ந்த பழைய தொடர்வண்டிப் பாலத்தின்மேல் பூங்கா அமைப்பதில் உலகுக்கு வழிகாட்டிய முயற்சியாக இது போற்றப்படுகிறது. வேளாண் அறிஞரும், சுற்றுச்சூழலை முன்வைத்து 1974ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டவருமான ரெனே துய்மோன் என்பவரின் பெயர் பின்னர் இப்பாதைக்குச் சூட்டப்பட்டது.

பாலத்தின் மேல் மரம் வளர்ப்பது தரையில் வளர்ப்பது போன்றதன்று. தரையில் வேர் விரும்பிய ஆழத்திற்குச் செல்லும். பாலத்தின் மேலோ மண்ணின் ஆழத்திற்கு எல்லை உண்டு. நனைந்த மண் காய்ந்த மண்ணைவிடக் கனமானது. அக்கனத்தையும் கணக்கிட்டே மண் நிரப்ப வேண்டும். ஊற்றும் நீரும் பெய்யும் மழையும் கீழே இருக்கும் ஓவியத்தின் மீதோ வயலினின் மீதோ சொட்டிவிடக் கூடாது. ஆகவே நீர் கசியாத பூச்சும், மிகை நீரை வெளியேற்றும் வடிகாலும் இன்றியமையாதவை. மேலிருக்கும் தோட்டக்காரரின் கவனத்தில்தான் கீழிருக்கும் கைவினைஞரின் பிழைப்பு அடங்கியுள்ளது.

பாஸ்டில் அரங்கிற்குப் பின்புறத்தில் படிக்கட்டு ஏறினால் நடைபாதை தொடங்குகிறது. தெருவின் இரைச்சல் படிப்படியாகக் குறைகிறது. இருபுறமும் லிண்டன் மரங்கள், லாவண்டர் புதர்கள், மூங்கில் கொத்துகள், வளைந்த சட்டங்களில் படர்ந்த ரோஜாக் கொடிகள் காட்சி தருகின்றன. முன்பு ரோஜா மலர்களை ஏற்றி வந்த பாதையில் இப்போது ரோஜாவே வேரூன்றியிருக்கிறது.

உயரத்தில் நடப்பதால் நகரம் புதிய கோணத்தில் தெரிகிறது. தெருவில் நிற்பவர் அண்ணாந்து பார்க்க வேண்டிய மாடி முகப்புகளும் கூரைச் சிற்பங்களும் இங்கே கண்ணுக்கு நேராக அமைகின்றன. வழியில் ஒரு காவல் நிலையத்தின் உச்சியில் மாபெரும் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. அவை இத்தாலியச் சிற்பி மைக்கேலாஞ்சலோ வடித்த ‘இறக்கும் அடிமை’ என்னும் சிற்பத்தின் பெரிய படிகள். மூலச் சிற்பம் அதே நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. வேறோர் இடத்தில் இரு கட்டடங்களின் நடுவே, சுவர்களுக்கு மிக அருகில், பாதை நுழைந்து செல்கிறது.

சிறிது தொலைவில் பாலம் முடிந்து ரெய்யி பூங்கா விரிகிறது. பழைய சரக்கு நிலையம் இருந்த இடத்தில் அமைந்தது இப்பூங்கா. அதன் பசும்புல் வெளிக்கு மேலே நடைபாலம் ஒன்று செல்கிறது. புல்வெளியில் குழந்தைகள் விளையாடுவதையும் முதியோர் வெயில் காய்வதையும் அதன் மேலிருந்து காணலாம். மக்கள் இலவசமாக நிரப்பிக்கொள்வதற்காக நுரைக்கும் சோடாநீரைத் தரும் குழாய் ஒன்றும் 2010ஆம் ஆண்டு முதல் இப்பூங்காவில் உள்ளது.

அதன்பின் பாதை தரைமட்டத்திற்கு வருகிறது; சுரங்கங்களுக்குள் நுழைகிறது; பின்பு தெருவைவிடத் தாழ்ந்த பள்ளத்தின் வழியே நீள்கிறது. இருபுறச் சரிவுகளிலும் மரங்களும் கொடிகளும் அடர்ந்து, வெயில் நாளிலும் குளிர்ச்சி தருகின்றன. மேலே வண்டிகள் ஓடும் நகரம் இருப்பதே அங்கு நடப்பவருக்குத் தெரிவதில்லை. பாலத்தின் மேற்பகுதி நடப்பவர்க்கு மட்டுமே உரியது. கிழக்குப் பகுதியில் மிதிவண்டியிலும் செல்லலாம். ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் கடந்தபின் வேன்சென் காட்டை ஒட்டிய நகர எல்லையில் பாதை நிறைவடைகிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. பொழுது சாய்ந்தபின் வாயில்கள் மூடப்படும்.

பிறர் கற்ற பாடம்

இப்பூங்கா உலகின் பிற நகரங்களுக்கு முன்மாதிரியாயிற்று. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1934 முதல் 1980 வரை சரக்கு வண்டிகள் ஓடிய உயர்மட்டப் பாதை ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. அதனை இடிக்க வேண்டும் என நிலவுடைமையாளர் சிலர் வற்புறுத்தினர். அப்பகுதி மக்களோ 1999ஆம் ஆண்டில் ஓர் அமைப்பைத் தொடங்கி, பாரிசின் பூங்காவை எடுத்துக்காட்டிப் போராடினர். 2009ஆம் ஆண்டில் அப்பாதையின் முதற்பகுதி ‘ஹை லைன்’ என்னும் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இன்று அதன் நீளம் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர்.

அப்பூங்காவின் வெற்றி ஓர் எச்சரிக்கையையும் தந்தது. பூங்கா புகழ் பெற்றதும் அதனைச் சூழ்ந்த நிலத்தின் விலை உயர்ந்தது, வானளாவிய மாளிகைகள் எழுந்தன, வாடகை ஏறியது. குறைந்த வருவாயில் நெடுங்காலம் அங்கே தொழில் நடத்தியவர்களுக்கு அவ்விடத்தில் நிலைப்பது கடினமாயிற்று. அழகுபடுத்தப்பட்ட இடத்தில், அவ்வழகுக்கு முன்பே அங்கிருந்தவர்களுக்கு இடம் உண்டா என்பது நகரத் திட்டமிடுவோர் விடை காண வேண்டிய வினா.

பாரிசின் கமான்களுக்கும் இவ்வினா பொருந்தும். அங்கே பட்டறைகளுக்கு இடையே காட்சிக் கூடங்களும் உணவகமும் இடம்பெற்றன. ஒரு நாளில் நூறு கோப்பைக் காப்பி விற்கும் கடையும், ஒரு வயலினைச் செய்து முடிக்கப் பல வாரம் உழைக்கும் கலைஞரும் ஒரே அளவு வாடகை கொடுக்க இயலாது. வாடகையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் ‘கலைகளின் மேம்பாலம்’ என்னும் பெயர் நிலைக்கும், கலைஞர் இரார். பாலத்தைக் காப்பதற்குக் கல்லும் சுண்ணாம்பும் போதும். தொழிலைக் காப்பதற்கோ அதனைக் கற்க வரும் இளையோரும், அதன் அருமை அறிந்து வாங்குவோரும், அதற்கென இடம் ஒதுக்கும் ஆட்சியும் வேண்டும்.

சொல்லும் பொருளும்

கமான் – வளைவு
கரித்துணி – அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கப் பயன்படும் துணி
தூளி – துணியால் கட்டும் தொட்டில்
புறஞ்சேரி – நகர மதிலுக்கு வெளியே அமைந்த குடியிருப்பு
செப்பனிடுதல் – பழுது நீக்கிச் சீராக்குதல்
கடவுப்பாதை – இருப்புப்பாதையும் தெருவும் ஒரே மட்டத்தில் குறுக்கிடும் இடம்

சிந்தித்து விடை தருக

1. இருப்புப்பாதையைக் கமான்களின் மேல் அமைத்ததற்குரிய காரணம் யாது?
2. ‘எபெனிஸ்த்’ என்னும் சொல்லின் பொருளை விளக்குக. தொழிலின் பெயர் ஒரு பொருளின் பெயரிலிருந்து பிறந்தமைக்குத் தமிழிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
3. “மேலிருக்கும் தோட்டக்காரரின் கவனத்தில்தான் கீழிருக்கும் கைவினைஞரின் பிழைப்பு அடங்கியுள்ளது” – இத்தொடரின் பொருளைக் காரணத்துடன் எழுதுக.
4. பட்டறைக்கும் உணவகத்துக்கும் ஒரே வாடகை விதிப்பது முறையா? இருதரப்புக் கருத்துகளையும் வகுப்பில் உரையாடுக.

வீட்டில் செய்க

உன் தாத்தா பாட்டியோ பெற்றோரோ தம் ஊரில் கண்ட கைத்தொழில் ஒன்றைப் பற்றிக் கேட்டறிக. அத்தொழிலுக்குரிய கருவிகளின் பெயர்களைத் தமிழில் எழுதுக. அத்தொழில் இன்றும் அங்கே நடைபெறுகிறதா என்பதையும், நடைபெறவில்லையெனில் அதன் காரணத்தையும் பத்து வரிகளில் எழுதி வருக.